இரண்டு விரல் தண்ணீர்

வசந்தம் மார்ச் முப்பத்தொன்றுக்குள் வந்துவிட வேண்டும் என்று இயக்ககம் உத்தரவு போட்டிருந்தது. அதற்குப் பிறகு வருகிற வசந்தம் அடுத்த நிதியாண்டில் போய் விழும். அந்த வசந்தத்துக்கு இன்னும் அனுமதி வாங்கவில்லை.

இயக்ககத்தின் முழுப்பெயர், பருவகாலப் பண்டிகைகள் ஒருங்கிணைப்பு மற்றும் நல்லுணர்வு இயக்ககம். மாநிலத் தலைநகரில் அதன் பெயர்ப்பலகை முன்சுவரில் அடங்காமல் மூலை திரும்பிப் பக்கத்துச் சந்துக்குள் போயிருக்கும். தேசம் பெரிது. வசந்தம் வந்தால் மூலைக்கு ஒரு பண்டிகை. ஒருவன் அறுவடை என்கிறான், ஒருவன் வருஷப்பிறப்பு என்கிறான், ஒருவன் வண்ணப்பொடியை அள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுகிறான். எல்லாம் அவரவர் இஷ்டம், அவரவர் தேதி. இந்த ஒழுங்கீனத்தை முடித்துவைக்கத்தான் இயக்ககம் பிறந்தது. எல்லாப் பண்டிகையும் ஒரே நாளில், ஒரே பந்தலில். ஆளுக்கு ஏழு நிமிஷம்.

கும்லா பக்கத்துக் காட்டோரத்தில் நாற்பது வீட்டு ஓராவ் பழங்குடிக் கிராமம் சல்காடி. வட்டார அலுவலகத்து எழுத்தர் அங்கே மோட்டார் சைக்கிளில் வந்து கடிதத்தைப் படித்துக் காட்டினார்.

"இருபத்தெட்டாம் தேதி சர்ஹுல். தலைநகர்ல. உங்க ஊர்க் குழு வரணும்."

ஊர்ப்பூசாரி ஜத்ரு பாஹான் அண்ணாந்து சால் மரத்தைப் பார்த்தார். ஒரு மொட்டுக்கூட இல்லை.

"மரம் இன்னும் பூக்கல பாபு."

"எனக்கு வந்த காகிதத்துல மரத்தைப் பத்தி ஒண்ணும் இல்ல."

"சர்ஹுல்னா பூமிக்கும் சூரியனுக்கும் கல்யாணம். பொண்ணு பூ வைக்காம வந்து நிப்பாளா?"

"பூவெல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சு. காகிதப் பூ, ரெண்டாயிரம். வாடவே வாடாது. உங்க மரத்தால அப்படி ஒண்ணு பூக்க முடியுமா?"

"வரலைன்னா?"

"சல்காடியில சர்ஹுல் வழக்கத்துல இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவேன். அதுக்கப்புறம் நீங்க தோப்புல கூடினா அது சட்டவிரோதக் கூட்டம்."

பாஹான் எத்வாவைப் பார்த்தார். "நீ போய்ட்டு வா. கல்யாணத்தை இங்க நான் பாத்துக்கறேன். அங்க என்ன சொல்றாங்களோ அதைச் செஞ்சிட்டு வந்துடு."

எத்வா ஊரின் தண்ணீர்க்காரன். சர்ஹுலுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து, ஓடையிலிருந்து இரண்டு புது மண்குடத்தில் தண்ணீர் மொண்டு, வழியில் யாரோடும் பேசாமல் சால் தோப்புக்குக் கொண்டுபோய் வைப்பவன். விடிந்ததும் பாஹான் குடத்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். வைத்த தண்ணீர் வைத்தபடி நின்றால் மழை உண்டு. இறங்கியிருந்தால் இறங்கின அளவுக்கு மழை குறைவு. பார்த்த பிறகு அந்தத் தண்ணீரைப் பாஹான் தலையில் ஊற்றி, ஜனங்களுக்கு ஒரு வாய் கொடுத்து, மிச்சத்தை மண்ணில் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்தால்தான் வானத்துக்கு வழி திறக்கும். அதற்குப் பிறகுதான் ஊரில் கலப்பையைத் தொடுவார்கள், புதுக் கீரையை வாயில் வைப்பார்கள்.

எத்வா கிளம்பும்போது அவன் பெண்டாட்டி புதனி கேட்டாள். "நீ போறதால நமக்கு என்ன ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாம இருந்தா சரி. இந்த வருஷம் விளையணும். விளையலைன்னாலும் பட்டினியோட இங்கயே கிடப்பேன், செங்கல் சூளைக்கு மட்டும் வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

முந்தின வருஷம் சூளையில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. சூளைக்கு மண் வெட்டின பள்ளத்தோரம் புதைத்துவிட்டு, மேஸ்திரி கூப்பிட்டதால் மறுபடி கல் அறுக்கப் போனார்கள். எத்வா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான், இனி அந்த மண்ணில் கால் வைக்கவேண்டாம் என்று. அந்த வாக்கு மேட்டு நிலம் ஒரு துண்டையும் வானத்தையும் நம்பி நின்றது.

தலைநகரத்துப் பந்தலில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஹோலிக் குழுவுக்கு ஒரே ஒரு நிறம்தான் அனுமதித்திருந்தார்கள், சாம்பல். வேறு எந்த நிறத்தைப் பூசினாலும் யாராவது மனம் நோவார்கள் என்று ஆலோசனைக் குழு கண்டுபிடித்திருந்தது. வைசாக்கிக்கு வந்த பஞ்சாப் விவசாயிகள் பிளாஸ்டிக் கோதுமையை அறுத்தார்கள். அறுத்ததை மறுபடி நட்டுவைத்து மறுபடி அறுக்கச் சொன்னார்கள். பிஹுவுக்கு வந்த அசாமியரிடமிருந்து மேளத்தை வாங்கி வைத்துவிட்டு, அடிப்பதுபோல் கையை மட்டும் ஆட்டச் சொன்னார்கள். சத்தம் ஒலிபெருக்கியில் தனியாக வருமாம்.

உகாதிப் பச்சடி செய்ய வந்த ஆந்திரத்து அம்மாள் துணை இயக்குநர் அகிலேஷ்வர் பிரசாத் முன்னால் நின்றிருந்தாள்.

"ஆறு சுவைன்னு எழுதியிருக்கீங்க. கசப்பு எதுக்கும்மா?"

"வருஷம்னு ஒண்ணு பொறந்தா கசப்பும் வருமில்லீங்களா. அதுக்குத்தான் வேப்பம்பூ."

"இது நல்லுணர்வு விழா. கசப்பை எடுத்துடுங்க. அஞ்சு சுவை போதும். புளிப்பையும் கொஞ்சம் குறைச்சுக்கலாம்."

அந்த அம்மாள் பச்சடியிலிருந்து வேப்பம்பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்து எத்வா.

"நீதான் மழைக் குடமா? சரி, நாளைக்குக் காலைல தண்ணி எவ்வளவு இருக்கும்?"

"அது நாளைக்குக் காலைலதான் தெரியும் ஐயா."

"அமைச்சர் பேச்சு இன்னிக்குச் சாயங்காலமே அச்சுக்குப் போகுதுப்பா."

"குடம் விடிஞ்சாத்தான் சொல்லும் ஐயா."

"குடத்துக்கு ஒரு பொறுப்பு வேண்டாமா? நூறு பேர் இங்க ராப்பகலா வேலை செய்யறோம்." துணை இயக்குநர் எத்வா கொண்டுவந்திருந்த மண்குடங்களைத் தட்டிப் பார்த்தார். "இது கசியுமே."

"மண்குடம்னா கசியும். அதுலதான் கணக்கே."

"ரெண்டு எதுக்கு?"

"ரெண்டுதான் வைக்கறது."

"ரெண்டும் ரெண்டு பதில் சொல்லிட்டா? நாளைக்குச் சட்டசபையில கேள்வி வரும். ஒண்ணு போதும்."

பியூன் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுவந்தான். மண்நிறத்தில் வர்ணம் அடித்திருந்தது. விரிசல்கூட வரைந்திருந்தார்கள். அதில் குழாய்த் தண்ணீரை விளிம்பு வரை ஊற்றி, மூடி போட்டு, அரக்கு வைத்து முத்திரை குத்தினார்கள். எத்வா முந்தின நாளிலிருந்து சாப்பிடவில்லை. அதைக் கேட்ட துணை இயக்குநர், பட்டினி கிடப்பது இயக்ககத்தின் பெயருக்குக் களங்கம் என்று சொல்லி, அவனைப் பூரி தின்னவைத்துப் படம் எடுத்தார்.

மறுநாள் காலை அமைச்சர் நாலு மணி நேரம் தாமதமாக வந்ததால் எல்லாப் பண்டிகைக்கும் ஏழு நிமிஷம் மூன்றாகக் குறைந்தது. மூன்று நிமிஷத்தில் பஞ்சாபில் அறுவடை முடிந்தது. முத்திரையை உடைத்துக் குடத்தைத் திறந்தார்கள். தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது. கைதட்டல் எழுந்தது. பிளாஸ்டிக்கிலிருந்து தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை.

துணை இயக்குநர் பேசினார்.

"பெருமக்களே, இம்மக்கள் இயற்கையை நம்பி வாழ்கிறார்கள். இயற்கையோ இவர்களைப் பொருட்படுத்துவதில்லை. இந்த அநீதியைக் கண்டு மனம் பொறாமல்தான் இயற்கையை நாங்களே எடுத்துக்கொண்டோம். இதுவரை குடம் சொன்னபடி மழை பெய்தது. இனி நாங்கள் சொன்னபடி குடம் சொல்லும். மழையும் தன் கடமையை உணர்ந்துகொள்ளும் என்ற நம்பிக்கை எங்களுக்கு உண்டு. உணராவிட்டாலும் அதற்காக எங்கள் அறிக்கை தாமதமாகாது."

அமைச்சர் பாஹானின் இடத்தில் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து தலையசைத்தார். எத்வா குடத்தைத் தூக்கினான்.

"எங்கய்யா தூக்கிட்டுப் போற?"

"ஊத்தணும் ஐயா. பாஹான் தலையில, அப்புறம் மண்ணுல."

"பாஹான் இடத்துல யார் உக்காந்திருக்காருன்னு பார்த்தியா? அவர் தலையில ஊத்தப்போறியா?"

"மண்ணுலயாவது கவுத்துடறேன். ஊத்தலைன்னா முடிஞ்சதா ஆவாது."

"ஊத்தினா ஆதாரம் போயிடும். இது இனிமே அரசாங்க மழை. வை கீழ."

சல்காடி வட்டாரத்துக்கு நிறைமழை என்று ஒரு சான்றிதழ் தயாராக இருந்தது. அதன் அடியில் எத்வாவின் கட்டைவிரலை மையில் தோய்த்து அழுத்தினார்கள். குடத்துக்கு மறுபடி அரக்கு வைத்து, இயக்ககத்து முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒரு விளக்கும் போட்டார்கள்.

ஏப்ரல் இரண்டாம் வாரம் சல்காடியில் சால் பூத்தது. ஊரே மணத்தது. எத்வா பட்டினி கிடந்து தண்ணீர் மொண்டு வைத்தான். விடிந்ததும் ஜத்ரு பாஹான் முதல் குடத்தில் விரல் விட்டார். இரண்டாவதிலும் விட்டார். இரண்டிலும் இரண்டு விரல் இறங்கியிருந்தது. தலையில் தண்ணீர் சொட்டச்சொட்ட அவர் சொன்னார், "மழை கம்மி. மேட்டு நிலத்துல நெல்லு போடாதீங்க. கேழ்வரகு போடுங்க, ஒரு வாய்க் கஞ்சிக்காவது ஆவும்."

கூரைக்குக் கூரை பூச் செருகிக்கொண்டு போகிற வழியில் எத்வா தலைநகரத்துக் குடத்தைப் பற்றிச் சொன்னான். பாஹான் நின்றுவிட்டார்.

"ஊத்தாமயா வந்த?"

"விடலையே."

"அப்போ அந்தத் தண்ணி இன்னும் நின்னுக்கிட்டே இருக்கு" என்றார் பாஹான். அவ்வளவுதான் சொன்னார். ஏசியிருந்தால் எத்வாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கேழ்வரகு விதைக்கு வட்டார அலுவலகத்தில் வரிசை நின்றது. மோட்டார் சைக்கிள் எழுத்தர்தான் விதை கொடுப்பவர்.

"கேழ்வரகா? வறட்சி வட்டாரத்துக்குத்தான் அது. உங்களுது நிறைமழை வட்டாரம். நெல்லுதான் ஒதுக்கியிருக்கு."

"குடத்துல ரெண்டு விரல் இறங்கிடுச்சு பாபு" என்றான் எத்வா.

"எந்தக் குடத்துல?"

"எங்க தோப்புக் குடத்துல."

"அது தனியார் குடம்" என்றார் எழுத்தர். "அரசாங்கக் குடம் ரொம்பி நிக்குது. அடியில உன் ரேகை இருக்கு. நீயே ஒரு ரேகை வைப்ப, நீயே வந்து மாத்திப் பேசுவ. அடுத்த ஆள் வாங்க."

வீட்டில் விதைக் கேழ்வரகு என்று ஒன்று மிஞ்சியிருக்கவில்லை. கொடுத்த நெல்லை வாங்கிவந்து விதைத்தார்கள். வேறென்ன செய்வது. முதல் தூறலில் முளைத்தது, ஆடியில் மஞ்சளித்தது, ஆவணியில் கையோடு வந்தது. ஓடை மணலாகிவிட்டது. புதனி மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்ப அரை நாள் ஆனது.

கோப்பில் மட்டும் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. வட்டார அறிக்கைப்படி சல்காடியில் இரண்டு கரை உடைந்திருந்தது, மூன்று கோழிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. கோழிகளுக்கு நிவாரணமும் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். வறட்சி நிவாரணம் கேட்டுப் போனவர்களைப் பார்த்து எழுத்தருக்குக் கோபம் வந்தது. வெள்ளத்தையும் வறட்சியையும் ஒரே வருஷத்தில் கேட்பது பேராசை என்றார். இதில் தன்னால் ஆவதொன்றும் இல்லை, குடம் வைத்தவர்களையே போய்க் கேளுங்கள் என்றார்.

எத்வாவும் புதனியும் கேட்கப் போனார்கள். பஸ்ஸுக்கு நடந்து, பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து, இயக்ககத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சியில் நின்றது. முன்கூடத்தில் விளக்கு வெளிச்சத்தில் குடம் இருந்தது. யாரோ அதற்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள்.

துணை இயக்குநருக்கு எத்வாவை அடையாளம் தெரிந்தது. "அடடே, நம்ம மழை ஆளு. உன்னால எங்களுக்குப் பாராட்டுக் கடிதமே வந்துச்சு தெரியுமா?"

"மழை பெய்யல ஐயா."

"எங்க பெய்யல?"

"எங்க ஊர்ல. ஒரு சொட்டு இல்ல. பயிர் போச்சு."

"இது ரொம்ப வருத்தமான விஷயம்" என்றார் துணை இயக்குநர். "அரசாங்கம் இவ்வளவு சொல்லியும் உங்க ஊர்ல ஒத்துழைப்பு இல்லைன்னுதானே அர்த்தம்? மத்த வட்டாரமெல்லாம் எங்களுக்கு ஒரு புகார் அனுப்பல."

"அங்கயும் பெய்யல ஐயா. அவங்க பஸ்ஸேறி வரல, அவ்வளவுதான்" என்றாள் புதனி.

"இதோ பாரும்மா. குடம் தப்புன்னு நான் ஒத்துக்கிட்டா, சான்றிதழ் தப்பு. சான்றிதழ் தப்புன்னா அமைச்சர் பேச்சு தப்பு. ஒரு பயிருக்காக இத்தனை பேரைத் தப்பாக்கச் சொல்றீங்க. பயிர் அடுத்த வருஷம் வரும். என் பதவி உயர்வு வருமா?"

எத்வா யோசித்தான். அவனுக்கு அதில் ஒரு நியாயம் இருப்பதாகக்கூடத் தோன்றியது. "நிவாரணம் இல்லைன்னா போவுது ஐயா. அந்தத் தண்ணியை ஊத்த மட்டும் விடுங்க. ஊத்தாம நிக்குது. எங்க பாஹான் அன்னிலேர்ந்து சரியாப் பேசறதே இல்ல."

"ஊத்தறதுக்கு மனு கொடு. அது கண்காட்சிப் பொருள் ஆயிடுச்சு. தொல்பொருள் பிரிவோட ஒப்புதல் வேணும், நூறு வருஷம் ஆனாத்தான் அவங்க பாப்பாங்க." அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எனக்குக் கூட்டம் இருக்கு. நீர் மேலாண்மை பத்தி."

அறையை விட்டு முன்கூடத்துக்கு வந்ததும் புதனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இல்லை. எத்வா பியூனிடம் கேட்டான்.

"தண்ணியா? குழாய்ல மூணு நாளா காத்துதான் வருது" என்றான் பியூன். "சாருக்கு மட்டும் பாட்டில் வாங்கறோம். ஊர் பூரா வறட்சியாச்சே, தெரியாதா?"

எத்வா திரும்பிவந்து நின்றான். அந்தக் கட்டடத்தில் இருந்த தண்ணீர் கண்ணாடிப் பெட்டிக்குள், அவன் கண்ணெதிரே இருந்தது. தண்ணீர்க்காரன் முன்னால் ஒருத்தி தாகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கற" என்றாள் புதனி.

"முத்திரை வச்சிருக்கு."

"உன் ரேகையும்தான் வச்சிருக்கு. பேர் உன்னுது, பழி உன்னுது. தண்ணி மட்டும் அவங்களுதா?"

கண்ணாடிப் பெட்டிக்குப் பூட்டு இல்லை. பூட்டு வாங்கும் கோப்பு இன்னும் நகரவில்லை. எத்வா மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தான். அரக்கை நகத்தால் பெயர்த்து மூடியைத் திறந்தான். புதனியின் கையில் சாய்த்தான். அவள் குடித்தாள். பிளாஸ்டிக் வாடை அடித்தது, இருந்தாலும் குடித்தாள். பிறகு அவன் ஒரு வாய் குடித்தான். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல், வெளியே மண் இருக்கிற இடம் தேடி நடந்தான். இயக்ககத்து முற்றம் முழுக்கச் சிமெண்ட். மண்ணைக் காண்பதற்குள் காவலாளிகள் இருவர் வந்து பிடித்துவிட்டார்கள். குடத்தைத்தான் பத்திரமாகப் பிடித்தார்கள். எத்வா கீழே விழுந்தான்.

விசாரணைக் குழு மூன்று பேர். துணை இயக்குநர் தலைவர். குழு நாலு நாள் கூடியது. குடத்தைத் திறந்து அளந்தது. சரியாக இரண்டு விரல் இறங்கியிருந்தது.

அறிக்கை இப்படி முடிந்தது: "அரசுக் குடத்தில் இரண்டு விரல் குறைந்திருப்பதால் மாநிலத்தில் மழைக்குறைவு ஏற்பட்டிருப்பதை இயக்ககம் முதன்முறையாக ஏற்றுக்கொள்கிறது. இக்குறைவு இயற்கையால் ஏற்பட்டதன்று. சல்காடி எத்வா ஓராவ் என்பவர் குடித்ததால் ஏற்பட்டது. தனிநபர் விளைவித்த வறட்சிக்கு நிவாரணம் வழங்க விதிகளில் இடமில்லை. இயக்ககத்தின் கணிப்பு, அவர் குடிக்கும் வரை, முற்றிலும் சரியாகவே இருந்தது."

ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிவந்து இரண்டு விரலை நிரப்பி, புது அரக்கு வைத்து, குடத்தைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தார்கள். பூட்டுக்கான கோப்பு அன்றே நகர்ந்தது.

ஐப்பசி கடைசியில் சூளைக்காரர்களின் லாரி சல்காடிக்கு வந்தது. நாற்பது வீட்டில் முப்பத்தொரு வீடு ஏறியது. புதனி கூரையில் செருகிக் காய்ந்துபோயிருந்த சால் பூக்கொத்தை உருவி, உதிராமல் முந்தானையில் முடிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள். அது யாருக்கு என்று எத்வா கேட்கவில்லை.

லாரி வழியில் இன்னும் நாலு ஊரில் ஆள் ஏற்றிய பிறகு, ஆள் பிடிக்கிற மேஸ்திரி நோட்டை வைத்துக்கொண்டு பெயரும் ஊரும் கேட்டுக்கொண்டே வந்தான்.

"எந்த ஊரு?"

"சல்காடி" என்றான் எத்வா.

"சல்காடியா? அங்க இந்த வருஷம் நல்ல மழைன்னு பேப்பர்லயே போட்டிருந்தானே. குடத்தோட உன்னை மாதிரி ஒருத்தன் படம்கூட இருந்துச்சு. அப்புறம் என்னத்துக்குக் கிளம்பி வர்றீங்க?"

எத்வா தலையைக் குனிந்துகொண்டான். புதனி முடிச்சைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு சொன்னாள்.

"மழை வந்துச்சு. இவருதான் குடிச்சிட்டாரு."